பழைய ராணுவச் சின்னம் கிடைத்ததா? புளியைத் தொடாதீர்கள்

பரங்கிமலையும் பல்லாவரமும் பழைய கன்டோன்மென்ட் ஊர்கள். அந்தப் பக்கம் மனை வைத்திருப்பவர் மெட்டல் டிடெக்டரோடு ஒரு சுற்று வந்தால், அந்தக் காலச் சிப்பாய்கள் சீருடையில் அணிந்த, களிம்பேறிய பித்தளைச் சின்னம் ஒன்று கிடைத்தாலும் வியப்பில்லை. கிடைத்தவுடன் செய்யும் முதல் தவறு, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்ப்பது. தேய்த்தால் பளபளப்பு வரும். ஆனால் ஒட்டிக்கொண்டிருந்த முலாம் போய்விடும். பின்புறம் மெலிதாகப் பொறித்திருக்கும் தயாரிப்பாளர் பெயரும் மழுங்கிவிடும். எந்தக் காலத்துச் சின்னம் என்று சொல்லக்கூடிய நல்ல சாட்சி அந்தப் பெயர். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்; பிறகு நன்றாக உலர்த்திவிடுங்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் அன்றைக்கே குறித்து வையுங்கள்.

அடுத்த தவறு, சின்னத்தில் யானையைப் பார்த்ததும் ‘மெட்ராஸ் ரெஜிமென்ட்’ என்று முடிவு கட்டுவது. 1803 செப்டம்பர் 23 அன்று மராத்தியரோடு நடந்த அஸ்ஸாயே போரில் நின்ற படைகளுக்குக் கிடைத்த பெருமை அந்த யானை. மெட்ராஸ் படைகள் மட்டும் அல்ல, ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரியும் அதைத் தன் தொப்பியில் சூடியது. சின்னத்தில் அஸ்ஸாயே என்று இருப்பதால் அது 1803இல் செய்தது என்றும் ஆகிவிடாது. வெற்றி பெற்ற போரின் பெயரைத் தலைமுறை தலைமுறையாகப் பொறித்துவந்தார்கள்.

எண்களும் ஆளை ஏமாற்றும். 13ஆவது மெட்ராஸ் காலாட்படை, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 1903 மறுசீரமைப்பில் 73ஆவது கர்நாடிக் காலாட்படை ஆனது. 1922இல் அதுவே 3ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். ஆகவே 13, 73 என்று இரு சின்னங்கள் கிடைத்தால் இரண்டு படை என்று எண்ணிவிடாதீர்கள்.

கிரீடத்தை உற்றுப் பாருங்கள். விக்டோரியா காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் நடுவில் சற்றே தாழ்ந்திருக்கும். 1901க்குப் பின் வந்த மன்னர்களின் கிரீடம் குவிமாடம்போல் உருண்டு எழும். 1950 ஜனவரி 26இல் இந்தியா குடியரசான பிறகு நம் படைச் சின்னங்களில் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கங்கள் அமர்ந்தன. கிரீடம் இருப்பதாலேயே ராணுவம் என்றும் சொல்லிவிட முடியாது. போலீஸ் சின்னத்திலும் அது உண்டு.

பலர் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை. எனக்கு அதுதான் வருத்தம். அச்சில் அடித்த மெல்லிய தகடு என்றால் முன்புற உருவத்தின் குழிவு பின்னாலும் தெரியும். வார்ப்பு பெரும்பாலும் கனமாக, பொரிபொரியாக இருக்கும். வார்ப்பு என்றவுடன் போலி என்று தள்ளவும் கூடாது, உள்ளூர்ப் பட்டறைகளிலும் அசல் சின்னங்கள் வார்க்கப்பட்டன. தைப்பதற்கான வளையங்களின் உடைவையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். புனித ஜார்ஜ் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் உரிமம் இல்லாமல் தோண்டுவது குற்றம். வேறு எங்கு கிடைத்தாலும், மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கக் கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய சீருடைகளும் பதக்கங்களும் அங்கே காட்சியில் உண்டு. சின்னத்தின் இருபுறப் படங்களையும் அளவையும் எடையையும் கொண்டு போங்கள்.