சிவப்பும் பச்சையும் குழம்புகிறதா? கலர் ஃபில்டரை உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி வைப்பது எப்படி

தம்பியோடு உட்கார்ந்து ஒரு எக்ஸெல் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்த வேலைகளுக்கு வெளிர்பச்சைக் கட்டம், முடியாதவற்றுக்கு வெளிர்சிவப்புக் கட்டம். “முடியாதது எத்தனைடா இருக்கு?” என்று கேட்டேன். திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்துவிட்டு நாலு என்றான். ஏழு இருந்தது. “எல்லாமே காக்கி மாதிரிதான்ணா தெரியுது” என்றான். இத்தனை நாளும் அவன் ஊகித்துத்தான் வேலை பார்த்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று அவன் லேப்டாப்பிலும் போனிலும் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். இதற்குத் தனியாக ஆப் எதுவும் வேண்டாம். எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். நம் விழித்திரையில் நிறம் பார்க்க மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. சிவப்பு, பச்சைப் பக்கத்து ஒளியை உணரும் இரண்டு வகைகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆண்களுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றுதான் என்பதால் சிவப்பும் பச்சையும் குழம்பும் இந்த நிறக்குறைபாடும் அவர்களிடம்தான் அதிகம்: ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் சுமார் 8 சதவீதம், பெண்களில் சுமார் 0.5 சதவீதம். ஃபில்டர் போட்டால் தெரியாத நிறம் தெரிய ஆரம்பித்துவிடாது. குழம்பும் இரண்டு நிறங்களை, உங்கள் கண்ணால் பிரித்தறிய முடிகிற வேறு நிறங்களின் பக்கம் அது தள்ளிவைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அதுவே பெரிய உதவி.

1. திரையை இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள்

நைட் லைட், ட்ரூ டோன் போன்றவை ஆனில் இருந்தால் அணையுங்கள். அவை திரையை மஞ்சளாக்கிவிடும். அதன்மேல் ஃபில்டர் வைத்தால் எது எதனால் மாறியது என்றே தெரியாது.

2. எந்த வகை என்று பாருங்கள்

கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மிகவும் மங்கி, கிட்டத்தட்ட மறைந்துபோகிறதா? அப்படியானால் சிவப்பு உணர்வு குறைந்த வகையாக இருக்கலாம். அதன் பெயர் புரோட்டனோப்பியா. சிவப்பு மங்காமல் பச்சையோடு மட்டும் குழம்பினால் டியூட்டரனோப்பியா பக்கம். நீலமும் பச்சையும் குழம்பினால் டிரைட்டனோப்பியா, இது அரிது. இது மருத்துவப் பரிசோதனை அல்ல, எந்த ஃபில்டரில் தொடங்குவது என்பதற்கான வழி மட்டுமே. நிறங்கள் திடீரென்று மாறித் தெரிந்தாலோ, ஒரு கண்ணில் மட்டும் மாறினாலோ செட்டிங்கை விட்டுவிட்டுக் கண் மருத்துவரைப் பாருங்கள்.

3. விண்டோஸ் 11

செட்டிங்ஸ், அக்செஸிபிலிட்டி, கலர் ஃபில்டர்ஸ் என்று போய் ஆன் செய்யுங்கள். அதே பக்கத்தில் ஒரு வண்ணச் சக்கரம் இருக்கும். அதில் உங்களுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு துண்டுகளைத் தேர்ந்து, கண்ணை அவற்றின்மேலேயே வைத்துக்கொண்டு, ஃபில்டர்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பெயரைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். எதில் அந்த இரண்டும் நன்றாகப் பிரிகின்றனவோ அதுதான் உங்களுடையது. இன்டென்சிட்டி என்ற ஸ்லைடர் இருந்தால் குறைவிலிருந்து மெல்ல ஏற்றுங்கள்.

நான் தவறு செய்த இடம் இது. தம்பி ஸ்லைடரை ஏற்ற ஏற்ற, என் கண்ணுக்குத் திரை விகாரமாகிக்கொண்டே போனது. கை தானாகக் குறைக்கப் போனது. “விடுண்ணா, இப்பதான் பிரியுது” என்று தடுத்தான். மறுபடி அந்த ஷீட்டைத் திறந்தான். கடகடவென்று எண்ணி ஏழு என்றான். அதனால் சொல்கிறேன்: வேறொருவருக்காக இதைச் செய்கிறீர்கள் என்றால் ஸ்லைடரை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு அழகாகத் தெரிகிற அளவு அவருக்குப் பயன்படாது.

அதே பக்கத்தில் கீபோர்டு ஷார்ட்கட்டையும் ஆன் செய்யுங்கள். பிறகு விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ‘சி’ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஃபில்டர் வரும், போகும்.

4. போன்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அக்செஸிபிலிட்டி, அதற்குள் கலர் கரெக்‌ஷன். இடையில் வரும் மெனுவின் பெயர் போனுக்குப் போன் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘கலர்’ என்று அடித்துத் தேடுவதே சுலபம்.

ஐபோனில் அக்செஸிபிலிட்டி, டிஸ்ப்ளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ், கலர் ஃபில்டர்ஸ். மேலே தெரியும் கலர் பென்சில் படத்தை வைத்து முன்பு சொன்னபடியே பொருத்துங்கள். அதே மெனுவில் ‘டிஃபரன்ஷியேட் விதவுட் கலர்’ என்று ஒன்று உண்டு. நிறத்தால் மட்டும் காட்டுவதை வடிவத்தாலும் காட்டச் சொல்லும் செட்டிங் அது. எல்லா ஆப்பும் அதை மதிப்பதில்லை, ஆனாலும் போட்டுவையுங்கள்.

5. இரண்டு நாள் உங்கள் வேலையிலேயே சோதியுங்கள்

சக்கரத்தில் பிரிந்தது மேப்பில் பிரியாமல் போகலாம். நீங்கள் தினமும் பார்க்கும் காலண்டர், சார்ட், கேம் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். சில கேம்களில் இதற்கென்றே தனி மோடு இருக்கும். அங்கே இரண்டையும் ஒன்றாகப் போடாமல் ஒன்றை அணைத்துப் பார்ப்பது நல்லது. ஃபோட்டோவின் நிறத்தை எடிட் செய்யும்போது ஃபில்டரைக் கட்டாயம் அணையுங்கள். மாறுவது திரை மட்டும்தான், ஃபைல் அல்ல. அங்கே சரிசெய்த நிறம் மற்றவர்கள் திரையில் வேறாகத் தெரியும்.

ஷீட் தயாரிப்பவர்களுக்கு

பச்சை, சிவப்புக்குப் பதில் நீலமும் ஆரஞ்சும் வையுங்கள். ஓகாபே, இட்டோ என்ற இரு ஜப்பானியர்கள் எல்லோரும் பிரித்தறியத்தக்க நிறங்களாகத் தொகுத்த பட்டியலில் நீலத்தின் ஆர்ஜிபி எண்கள் (அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் அளவு) 0, 114, 178. ஆரஞ்சுக்கு 230, 159, 0. கட்டத்துக்குள் ‘முடிந்தது’, ‘நிலுவை’ என்று எழுதியும் விடுங்கள். நீலக் கட்டத்தில் எழுத்து வெள்ளையாகவும் ஆரஞ்சில் கறுப்பாகவும் இருக்கட்டும்.