ஒட்டோ கியர் பிக்கப் ஸ்லிப் ஆகிறதா? கியர்பொக்ஸை இறக்க முதல் பார்க்க வேண்டியவை

அறுவடைக் காலத்தில் வன்னியில் பிக்கப்புகளுக்கு ஓய்வே கிடையாது. நெல் மூட்டைகளோடு கிறவல் பாதையில் முக்கி முனகி வந்து, ஏ9 வீதியில் ஏறியதும் வேகமெடுக்க வேண்டும். ஒட்டோ கியர் பழுதாகத் தொடங்கினால் இப்படிப் பாரம் ஏற்றும் நாட்களில்தான் முதலில் தெரியவரும். அக்சிலரேற்றரை மிதித்தால் எஞ்சின் கத்தும், ஆர்.பி.எம். முள் ஏறும், வண்டி மட்டும் வேகமெடுக்காது. இதுதான் ஸ்லிப்.

முள்ளும் ஏறவில்லை, வண்டியும் இழுக்கவில்லை என்றால் பெரும்பாலும் எஞ்சின் பக்கம்தான் குறை. டீசல் பில்டரிலிருந்து பார்த்து வாருங்கள். சேற்றில் சில்லு வெறுமனே சுற்றுவதையும் ஸ்லிப் என்று எண்ணிவிடாதீர்கள்.

முதலில் ஒயில்

பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடும். வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம். பிரேக்கை மிதித்தபடி கியரை ‘பி’ (பார்க்) இலிருந்து ‘எல்’ (லோ, ஆகக் குறைந்த கியர்) வரை ஒவ்வொன்றாகப் போட்டு, திரும்ப ‘பி’க்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் ஒயிலென்றால் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளில் கியர் ஒயிலை எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கை (ஒயில் அளவு பார்க்கும் கம்பி) இழுத்து, நூல் பிரியாத துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். சூட்டுக்குரிய இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒயில் நிற்க வேண்டும்.

குறைந்திருந்தால் கியர்பொக்ஸின் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் விழும், உள்ளே கிளட்ச் தட்டுகள் இறுகாது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அளவு கூடினாலும் நுரைத்து அதே ஸ்லிப்தான் வரும். கியர் ஒயில் எரிந்து தீர்வதில்லை; குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ரேடியேற்றருக்குப் போகும் குழாய்களை முதலில் பாருங்கள். எந்த ஒயில் என்பதை வண்டிப் புத்தகம்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல.

அடுத்தது நிறம். சிவப்பு நல்லது. கறுத்து, கருகிய மணம் அடித்தால் தட்டுகள் எரியத் தொடங்கிவிட்டன. ஒயில் மாற்றினால் மட்டும் தீராது. ரோஸ் பால் போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேற்றருக்குள் கியர் ஒயிலைக் குளிர்விக்கும் கூலர் வெடித்திருக்கலாம். மாரியில் வெள்ளம் பாயும் பாலத்தைக் கடந்தபோது கியர்பொக்ஸின் காற்றுத் துளை வழியாகவும் தண்ணீர் போயிருக்கலாம். அதற்குமேல் ஓட்டவே வேண்டாம்.

புதிய வண்டிகள் பலவற்றில் டிப்ஸ்டிக் கிடையாது. ஒயிலின் வெப்பத்தை அளந்து, அடியிலுள்ள பிளக்கைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அதைக் கராஜுக்கு விடுங்கள்.

பிறகு கேபிள்

பழைய மொடல்களில் அக்சிலரேற்றரோடு சேர்ந்து கியர்பொக்ஸுக்கும் ஒரு கேபிள் போகும். அது தளர்ந்தாலோ அறுந்தாலோ கியர் நேரத்துக்கு முன்பே மாறும், பாரத்தில் ஸ்லிப் ஆகும். கேபிளைச் சரிசெய்வது சின்ன வேலை. இதைப் பார்க்காமல் கியர்பொக்ஸை இறக்கச் சொன்னால் தலையாட்ட வேண்டாம்.

எந்தக் கியரில்?

நின்ற இடத்தில் பிரேக்கை மிதித்தபடி ‘என்’ (நியூட்ரல்) இலிருந்து ‘டி’ (டிரைவ்) க்கு மாற்றுங்கள். டொயோட்டா கணக்கில் 1.2 செக்கனுக்குள் கியர் பிடிக்கும் அதிர்வு தெரிய வேண்டும். ‘ஆர்’ (ரிவேர்ஸ்) என்றால் 1.5 செக்கன். அதைவிடத் தாமதித்தால் அழுத்தம் குறைவு, அல்லது தட்டுகள் தேய்ந்துவிட்டன.

சரி, இனிச் சனநடமாட்டம் குறைந்த, காய்ந்த தார் வீதியில் ஓட்டிப் பாருங்கள். பழைய ஹைலக்ஸ் 4 கியர் பெட்டிகளில் ‘டி’யில் புறப்படும்போது நழுவி, ‘எல்’லில் பிடித்தால் ஒருவழிக் கிளட்ச்சில் (ஒரு பக்கம் மட்டும் சுற்ற விடுவது) சந்தேகம். மூன்றாவது கியரிலும் ரிவேர்ஸிலும் நழுவினால், இரண்டுக்கும் பொதுவான டைரக்ட் கிளட்ச்சில் சந்தேகம். ஓவர்ட்ரைவில் (நாலாவது கியர்) மட்டும் நழுவினால் அதன் பட்டன் மூலம் அதை நிறுத்திவிட்டு மெதுவாகக் கராஜ்வரை போகலாம். எல்லாக் கியரிலும் நழுவினால் கியர் ஒயில், கியர்பொக்ஸ் பில்டர், பம்ப் ஆகியவற்றில் சந்தேகம். பிரேக்கை அழுத்திக்கொண்டு அக்சிலரேற்றரை முழுதாக மிதித்துப் பார்க்கும் சோதனையை யாராவது சொல்லித்தருவார்கள். புதியவர்கள் அதைத் தொட வேண்டாம். சில செக்கன்களிலேயே ஒயில் கொதித்துவிடும்.

பார்த்ததை எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள்: எந்தக் கியர், சூட்டிலா குளிரிலா, பாரத்தோடா வெறுமையாகவா.

மாங்குளத்தில் வண்டி நின்றுவிட்டால் கிளிநொச்சிவரை கயிறு கட்டி இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடாவிட்டால் பம்ப் சுற்றாது, சில்லுகள் சுற்ற உள்ளே ஒயிலின்றி உராயும். லொறியில் ஏற்றுங்கள்.