கரப்பான் மின்சாரத்தில் எல்.ஈ.டி. மினுக்க

2012-இல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஷெர்சன் குழு உயிருள்ள கரப்பானின் உடலுக்குள் மின்வாய்களைச் செருகி மின்சாரம் எடுத்தது. பூச்சியின் உடல்நீரில் ஓடும் டிரெஹலோஸ் சர்க்கரையை நொதிகள் குளுக்கோஸாக உடைத்து, அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கின்றன. கிடைத்தது மின்வாயின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அதிகபட்சம் சுமார் 55 மைக்ரோவாட், அதுவும் 0.2 வோல்ட்டில்.

வீட்டில் பூச்சியைக் குத்திப் பார்க்காதீர்கள், அது கொடுமை. நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வழி, சர்க்யூட் பலகையில் அதே அளவு மின்சாரம் தரும் ஒரு மாற்றுக் கரப்பான். 1.5 வோல்ட் பேட்டரியோடு 2.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, அடுத்து 1 கிலோ ஓமைத் தரைக்கு, அதாவது பேட்டரியின் எதிர்முனைக்கு, இணையுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் 0.4 வோல்ட், உள்தடை 730 ஓம் கிடைக்கும். இதிலிருந்து 0.2 வோல்ட் வரும்வரை மின்னோட்டம் எடுத்தால் அதே 55 மைக்ரோவாட்தான்.

அப்புறம், குறைந்த வோல்ட்டை உயர்த்தித் தரும் பூஸ்ட் கன்வெர்ட்டர் வேண்டும், அதுவும் இப்படிச் சிறுகச் சிறுக வரும் மின்சாரத்தைச் சேர்க்கவென்றே (ஆற்றல் அறுவடை) வரும் வகை. பல சிப்புகள் இவ்வளவு குறைந்த வோல்ட்டில் தானாகத் தொடங்காது. அதனால் சேமிப்புக் கெப்பாசிட்டரை முதல்முறை வெளியிலிருந்து மின்னேற்றிவிடுங்கள். 100 மைக்ரோஃபாரட், 3 வோல்ட் என்றால் 450 மைக்ரோஜூல். பாதி ஆற்றல் வழியில் போனாலும் 17 நொடிக்குள் நிரம்பும். எல்.ஈ.டி.யை 10 மில்லிஆம்பியரில் 10 மில்லிநொடி மினுக்கினால் செலவு சுமார் 300 மைக்ரோஜூல்.

கெப்பாசிட்டர் செராமிக்காகவே இருக்கட்டும். எலக்ட்ரோலிட்டிக் வகையின் மின்கசிவு வரவில் ஒரு பங்கைத் தின்றுவிடலாம்.