சுங்கை சிப்புட்டுக்குப் புதியவரா? முதலில் ஒரு 555 வாங்குங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் குடியேறிய முதல் வாரமே மளிகைக் கடைக்காரர் உங்களுக்குக் கடன் கொடுத்துவிடுவார். நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. எந்தத் தோட்டம், யார் வீடு என்று இரண்டு கேள்விகள். பிறகு கல்லாவுக்குப் பின்னாலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு நோட்டு வெளியே வரும். அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். மலாய்க்காரர்கள் 'புக்கு தீகா லீமா' என்பார்கள். இந்த நாட்டில் அந்த நோட்டு என்றாலே கடன் என்றுதான் பொருள்.

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்த எனக்கு அதைப் பார்த்ததும் மனம் நெகிழ்ந்துவிட்டது. ஊர் பேர் தெரியாத என்னை நம்புகிறாரே! மூன்றாம் மாதம் கணக்கு முடிக்கும்போது ஒரே பால் டின் இரண்டு முறை ஏறியிருந்தது. ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன், கூட்ட நேரத்தில் எழுதுகிற கை. ஆனால் எடுத்துக்காட்ட என்னிடம் எதிர்க்கணக்கு இல்லை. அன்றே அதே கடையில் ஒரு 555 வாங்கினேன். அவர் எழுதும்போது நானும் எழுதினேன். முதல் இரண்டு வாரம் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு, "அம்மா, நீங்கள் எழுதிவிட்டீர்களா?" என்று அவரே கேட்கத் தொடங்கிவிட்டார்.

அந்த நோட்டில் முதல் பக்கம் சம்பளத்துக்கு. மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே 7 என்ற தேதியைப் பெரிதாக எழுதி, வாடகை, தவணை எல்லாவற்றையும் அதற்குப் பின்னால் வருமாறு பேசிக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். 1-ஆம் தேதி வாடகைக்குத் தலையாட்டிவிட்டு மாதாமாதம் ஆறு நாளைக்குக் கைமாற்று வாங்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2025 ஆகஸ்ட் முதல் எல்லா முதலாளிகளும் குறைந்தது 1,700 வெள்ளி கொடுக்க வேண்டும். வீட்டு வேலை செய்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. (ரிங்கிட்டை இங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறோம்.) அதே ஆண்டு அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதி கட்டாயமாகிவிட்டது. உங்களிடம் 2 விழுக்காடு, முதலாளியிடம் 2 விழுக்காடு. 1,700 வெள்ளிக்கு உங்கள் பங்கு 34 வெள்ளி. அது தொலைந்த பணம் அல்ல. வேலை முடிந்து நாட்டை விட்டுப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிடித்தது கட்டப்பட்டிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்துக்கு மூன்று மாதம் தவணை தருகிறேன். ஒரு தேநீரை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டுக் குடிக்காமல் திரும்புவோம். அதே வாயால் சம்பளத்தையும் ரூபாயாக மாற்றி ஊருக்குப் பெரிய தொகை வாக்குக் கொடுத்துவிடுவோம். இரண்டாவதுதான் ஆபத்து.

வாடகை வீட்டுக்கு இரண்டு மாத முன்பணமும் முதல் மாத வாடகையும் கேட்பது வழக்கம். தண்ணீர், மின்சாரத்துக்கு இன்னும் அரை மாத வாடகை சேரலாம். அனைத்துக்கும் கையெழுத்திட்ட ரசீது வாங்கி, குடியேறும் அன்றே மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள்.

இனி கூட்டுக்கு வருகிறேன். நம் ஊர்ச் சீட்டுத்தான் இங்கே கூட்டு. பத்துப் பெண்கள், மாதம் 200 வெள்ளி, ஒருவருக்கு 2,000. பக்கத்து வரிசையில் கூட்டு பிடித்த அக்கா நல்லவர், கோயிலில் முன்வரிசை. ஏழு மாதம் கட்டினேன், என் முறை எட்டாவது. எட்டாம் மாதம் அந்த வீட்டில் பூட்டுத் தொங்கியது. 1,400 வெள்ளி போயிற்று. அதன் பிறகுதான் விசாரித்தேன்: தமிழ்நாட்டில் பதிவு செய்து சீட்டு நடத்தலாம், இங்கே கூட்டு நடத்துவதையே 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' இருக்கிறது. நம் சொல் மலேசியச் சட்டப் புத்தகத்தில் ஏறியதில் பெருமைதான், ஏறிய காரணம்தான் சரியில்லை.

சேர்ந்து சேமிப்பது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், இதே ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவியவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அது பதிவு பெற்ற சங்கம், பங்குக்குக் கணக்கு இருந்தது. என் கூட்டுக்கு இருந்ததெல்லாம் ஓர் அக்காவின் புன்னகை.

அவசரத்துக்கு நகை இருந்தால் உரிமம் பெற்ற அடகுக்கடைக்குப் போங்கள். மாதத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. மீட்க ஆறு மாதத் தவணை. அந்தத் தேதி 555-இல் சிவப்பு மையில் இருக்கட்டும். விளக்குக் கம்பத்தில் வெறும் கைப்பேசி எண்ணோடு ஒட்டியிருக்கும் 'உடனடிக் கடன்' தாளை மட்டும் தொடாதீர்கள். அது ஆலோங், அதாவது உரிமம் இல்லாத கந்துவட்டிக்காரர். தவணை தவறினால் வாசல் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றுவார்கள். சில வேளை வீடு மாறி உங்களுக்கு முன்பு குடியிருந்தவரின் கடனுக்கும் உங்கள் கேட்டில் ஊற்றுவார்கள். உரிமம் உள்ள வட்டிக் கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடுதான் வாங்கலாம்.

மருத்துவத்துக்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வையுங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி என்று அண்டை வீட்டார் சொல்வது உண்மை. வெளிநாட்டவரான நமக்கு அது பொருந்தாது. வார்டில் சேர்க்க முன்பணமும் கேட்பார்கள். சமையல் எரிவாயு மட்டும் நமக்கும் அதே விலைதான்: 14 கிலோ சிலிண்டர் 26 வெள்ளி 60 சென், வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி தனி.

ஊருக்குப் பணம் அனுப்ப, மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் உள்ள இடத்துக்கு மட்டும் செல்லுங்கள். உண்டியல் என்ற உரிமமில்லாத வழியில் இரண்டு பைசா கூடக் கிடைக்கலாம். பணம் போய்ச் சேராவிட்டால் யாரிடமும் முறையிட முடியாது. கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல், இத்தனை வெள்ளி கொடுத்தால் அங்கே கையில் எத்தனை ரூபாய் விழும் என்று கேளுங்கள். கொடுக்கும் சீட்டை மடித்து 555-இன் பின்னட்டைக்குள் செருகிவிடுங்கள். என் நோட்டுகளின் பின்னட்டை எல்லாம் இப்படித்தான் உப்பிக் கிடக்கின்றன.