தாத்தா சண்டை போடுகிறார் என்று எழுதாதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி விமர்சனம் ஒன்றை அனுப்பி, "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றான். ஸ்வீடன் ஆக்‌ஷன் நடிகர் டால்ஃப் லண்ட்கிரன் தானே இயக்கி நடித்து 2010-இல் வந்த 'இக்காரஸ்' படத்தைப் பற்றி எழுதியிருந்தான். சோவியத் யூனியன் அமெரிக்காவுக்குள் ஒளித்து வைத்த கொலையாளி ஒருவன். அந்த நாடே உடைந்துபோனதும் போக்கிடம் இல்லாமல், கூலிக்குக் கொன்றுகொண்டு, இன்னொரு பக்கம் சாதாரணக் குடும்பஸ்தனாகவும் வாழப் பார்க்கிறான். ஹாங்காங்கில் அவன் யாரென்று வெளியே தெரிந்துவிட, முன்னாள் மனைவியையும் மகளையும் காப்பாற்ற வேண்டிய நிலை. இவ்வளவுதான் கதை. தம்பியின் முதல் வரி இப்படி: "தாத்தா சண்டை போடுகிறார்."

சிரித்துவிட்டேன். அப்புறம் கோபம் வந்தது. கிட்டத்தட்ட இதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன், வேறொரு நடிகரைப் பற்றி. அதனால்தான், புதிதாக விமர்சனம் எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றி இந்தக் கட்டுரை. முடிவைப் போட்டு உடைப்பது, நடிகர் பெயரைத் தப்பாக எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அது யாருக்கும் தெரிந்ததுதான்.

வயதைக் கணக்குப் போடாமல் எழுதுவது

லண்ட்கிரன் 1957 நவம்பரில் பிறந்தவர். படம் வந்தபோது அவருக்கு 52. அதே 2010-இல் 64 வயது ஸ்டாலோன் இயக்கிய 'எக்ஸ்பெண்டபிள்ஸ்' படத்திலும் இதே மனிதர் நடித்தார். அங்கே வயதுதான் கொண்டாட்டம், இங்கே அதுவே கேலி. நடுவில் மாறியது பட்ஜெட் மட்டும்தான். எழுபதைத் தாண்டிய நாயகர்களுக்கு விசிலடிக்கிற நாம், ஸ்வீடன்காரர் ஒருவரின் 52-ஐப் பார்த்துத் தாத்தா என்பது எந்த ஊர் நியாயம்?

ஒரே படத்தைப் புதுப்படம் என்று நினைப்பது

இந்த வகைப் படங்கள் நாட்டுக்கு ஒரு பெயரில் வெளியாகும். 'இக்காரஸ்' வேறு இடங்களில் 'தி கில்லிங் மெஷின்'. நான் நடைபாதைக் கடையில் இரண்டையும் காசு கொடுத்து வாங்கியவன். பின்னட்டையைப் படியுங்கள்.

'டேக்கன்' காப்பி என்று முடித்துவிடுவது

இதை எழுதாத புதியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. கடத்தப்பட்ட மகளை மீட்கும் அப்பாவாக லியாம் நீசன் நடித்து 2008-இல் வந்த 'டேக்கன்' சுமார் இரண்டரைக் கோடி டாலரில் எடுக்கப்பட்டு 22 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன்பின் தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஐம்பது தாண்டிய நடிகர்களைத் தேடி ஓடினார்கள் என்பது உண்மைதான். ஆனால் 'டேக்கன்' வருவதற்கு மூன்று வருடம் முன்பே, 2005-இல், மனைவியையும் மகனையும் கொன்றவர்களை வேட்டையாடும் ரஷ்ய வீரனாக லண்ட்கிரன் ஒரு படத்தை இயக்கி நடித்துவிட்டார்.

கதையிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 'டேக்கன்' அப்பா முன்னாள் உளவுத்துறைக்காரர்; ஆபத்து எங்கிருந்தோ வருகிறது, அவர் போய்த் தடுக்கிறார். கூலிக்கொலைகாரன் கதையில் வீட்டுக்கு ஆபத்தைக் கூட்டிவருவதே அப்பாதான். அவன் செய்த தொழில்தான் கதவைத் தட்டுகிறது. இந்தச் சங்கடம் படத்துக்குத் தெரிந்திருக்கிறதா, மனைவி அதைக் கேட்கிறாளா, அல்லது கடைசித் தோட்டா பாய்ந்ததும் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்களா? விமர்சகன் பார்க்க வேண்டியது இதைத்தான். "காப்பி" என்று ஒரு சொல்லில் கடந்துபோனால் இந்தக் கேள்வியே எழாது.

படம் முழுக்க நிற்பவரையும் இரண்டு நாள் வந்து போனவரையும் ஒன்றாகப் போடுவது

அமெரிக்கப் பத்திரிகைகளில் 'கீசர் டீசர்' என்று ஒரு கிண்டல் பெயர் உண்டு ('கீசர்' என்றால் கிழவர்). போஸ்டரில் பழைய நட்சத்திரத்தின் முகம் பெரிதாக இருக்கும். படத்தில் அவர் பத்துப் பதினைந்து நிமிடம் வருவார். அந்த முகத்தைக் காட்டித்தான் எடுக்காத படத்தை நாடு நாடாக முன்கூட்டியே விற்கிறார்கள். விற்ற பணத்தில்தான் படமே எடுக்கப்படுகிறது. நட்சத்திரத்துக்குச் சில நாள் கால்ஷீட். மீதிப் படத்தை யாரோ ஓர் இளம் நடிகர் தோளில் சுமப்பார்.

கண்டுபிடிப்பது எளிது. நட்சத்திரம் எப்போதும் ஒரே அறையிலோ காரிலோ இருப்பார். மற்ற முக்கிய நடிகரோடு ஒரே ஃபிரேமில் முகம் காட்ட மாட்டார். ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எதிராளியைக் காட்டும் சஜஷன் ஷாட்டில் தெரிகிற பின்மண்டை டூப்புடையது. சண்டையில் கையும் முகமும் சேர்ந்து வராது. லண்ட்கிரன் தானே இயக்கிய படங்களில் நிலைமை நேரெதிர்: மனிதர் கேமராவுக்குப் பின்னாலும் நிற்கிறார், முன்னாலும் ஓடுகிறார். அவற்றில் குறை இருக்கலாம், நிறையவே இருக்கிறது. ஆனால் அது வேறு வகைக் குறை.

'சோம்பேறி' என்று எழுதுவது

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

2021 கடைசியில் ஹாலிவுட்டின் பழைய ஆக்‌ஷன் நட்சத்திரம் புரூஸ் வில்லிஸ் படம் ஒன்றுக்கு விமர்சனம் எழுதினேன். அந்த வருடம் மட்டும் அவருக்கு எட்டுப் படம். நான் படத்தை இரண்டு முறை பார்த்து, குறிப்பெடுத்து, மிகக் கவனமாகத்தான் எழுதினேன். அதுதான் இன்றும் எரிச்சல். மனிதர் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிறார் என்று எழுதினேன். சரி. வசனங்கள் நாலு சொல்லுக்கு மேல் போவதில்லை என்று எழுதினேன். சரி. பேசும்போது கண் எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் எங்கோ நிற்கிறது, வசனத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள் போல என்று எழுதினேன். கிட்டத்தட்ட சரி. ஒரு வசனத்தின் நடுவே தேவையில்லாமல் வேறு முகத்துக்குக் கட் போகிறது என்பதையும் விடவில்லை. கடைசியில் தலைப்பு வைத்தேன்: "சோம்பேறியின் சம்பள நாள்."

நன்றாக ஓடியது. வாட்ஸ்அப்பில் சுற்றியது. என் எழுத்தில் அவ்வளவு பேர் படித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

2022 மார்ச் 30 அன்று அவருடைய குடும்பம் அறிவித்தது: அவருக்கு அஃபேசியா. பேசுவதையும் சொற்களைப் புரிந்துகொள்வதையும் கெடுக்கிற மூளைக் கோளாறு. நடிப்பிலிருந்து விலகுகிறார். அந்த நேரத்திலேயே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் படப்பிடிப்புத் தளங்களில் நடந்ததை விரிவாக எழுதியது. காதுக்குள் கருவி வைத்து வசனத்தை வரிவரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஓர் இயக்குநர் அவர் பகுதியிலிருந்து சுமார் ஐந்து பக்கத்தைக் குறைக்கச் சொல்லி 2020-லேயே எழுதியிருக்கிறார். நான்கு வருடத்தில் 22 படம். வழக்கமாக இரண்டு நாள் வேலை, அதற்கு 20 லட்சம் டாலர் வரை சம்பளம். நான் சுவரில் இருப்பதாக நினைத்த வசனம் அவர் காதில் இருந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் நோய் ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா என்கிற மூளைச் சிதைவு என்று உறுதியானது.

மோசமான படங்களுக்கு விருது கொடுத்துக் கிண்டல் செய்யும் ராஸி அமைப்பு, 2022-இல் 'புரூஸ் வில்லிஸின் மிக மோசமான நடிப்பு' என்று அவருக்காகவே தனிப் பிரிவு வைத்து எட்டுப் படங்களையும் வரிசைப்படுத்தியிருந்தது. குடும்பத்தின் மார்ச் 30 அறிவிப்பு வந்த மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார்கள். அவர்களால் முடிந்தது. ஃபார்வர்டில் போன கட்டுரையை யார் திரும்பப் பெறுவது? என் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன். இன்றைக்கும் வருடத்துக்கு ஒருமுறை, என் பெயர் உதிர்ந்துபோன அந்தக் கட்டுரையை "செம கலாய் ப்ரோ, படிங்க" என்று யாராவது எனக்கே அனுப்புகிறார்கள். அப்போது ஒரு வாசகி எழுதிய மெயில் என்னிடம் இருக்கிறது. அவர் அப்பாவும் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்கோ பார்ப்பாராம். அதை வீட்டில் எல்லோரும் அலட்சியம் என்றே நினைத்தார்களாம். மெயிலில் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

நோய் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்திருக்க முடியாதுதான். ஆனால் என் தவறு அங்கே இல்லை. திரையில் பார்த்ததை எழுதிக்கொண்டிருந்தவன், கடைசி வரியில் பார்க்காததை எழுதினேன். "உட்கார்ந்தே இருக்கிறார்" என்பது விமர்சனம். "எழுந்திருக்கச் சோம்பல்" என்பது திண்ணைப் பேச்சு. அதைவிட மோசம், அந்தத் திண்ணைப் பேச்சால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டேன். பேசச் சிரமப்படுவது கண்கூடாகத் தெரியும் ஒருவரை வைத்து ஒரே வருடத்தில் எட்டுப் படம் எப்படி வருகிறது? யார் விற்கிறார்கள், யார் வாங்குகிறார்கள்? கண்ணெதிரே அத்தனை தடயமும் இருந்தது. நான் கோபத்தைக் காட்டியது, அந்த ஃபிரேமில் தன் பக்கத்தைச் சொல்லவே முடியாத ஒரே ஆளிடம்.

இப்போது தம்பியின் கட்டுரைக்கு வாருங்கள். இரண்டாம் பத்தியில் லண்ட்கிரனின் அண்மைப் படங்களைத் தொட்டு, "ஆள் வற்றிப்போய்விட்டார், ஜிம் பக்கமே போவதில்லை போல" என்று எழுதியிருந்தான். லண்ட்கிரனுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் என்று 2015-இலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். 2020-இல் அது திரும்பி வந்திருக்கிறது. இரண்டு மூன்று வருடம்தான் என்று ஒரு மருத்துவர் கைவிரித்த பிறகு, வேறு மருத்துவரிடம் போய்ச் சிகிச்சையை மாற்றிக்கொண்டு நடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இதை அவரே 2023-இல் பேட்டியில் சொல்லும்வரை வெளியுலகத்துக்குத் தெரியாது. 2024 நவம்பரில் நோய் போய்விட்டது என்று அறிவித்தார். தம்பிக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியாதுண்ணா" என்றான். தெரியாததை எதற்கடா எழுதினாய் என்று கேட்க வாய் வரவில்லை.

குடோன் கிளைமாக்ஸைக் கேலி செய்வது

இடம் மாறினால் லைட், ஜெனரேட்டர், வண்டி, சாப்பாடு எல்லாம் மாற வேண்டும். அரைநாள் போய்விடும். அதனால்தான் குடோன். உள்ளே என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

துப்பாக்கிப் பொறி கிராஃபிக்ஸ் என்று கண்டுபிடிப்பது

ஆமாம், கிராஃபிக்ஸ்தான். 2021 அக்டோபரில் நியூ மெக்சிகோ படப்பிடிப்பு ஒன்றில் நிஜத் துப்பாக்கியிலிருந்து வந்த குண்டு பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்துபோனார். அதற்குப் பிறகு எனக்குப் பொய்ப்பொறியைப் பார்த்தால் உறுத்துவதில்லை.

ஐந்துக்கு இரண்டேகால் போடுவது

கால் எதற்கு?

தம்பி நேற்றுத் திருத்தி அனுப்பினான். தாத்தா போய்விட்டார். ஜிம்மும் போய்விட்டது. மகளைக் காப்பாற்றும் காட்சியைப் பற்றி ஒரு நல்ல பத்தி புதிதாக வந்திருக்கிறது. 'டேக்கன்' காப்பி மட்டும் அப்படியே இருக்கிறது.