தட்டோடு வேலை: பணத்தைப் பிரித்த கணக்கு

கும்பகோணம் பக்கம் மொட்டைமாடித் தட்டோடு (தளத்தின் மேல் பதிக்கும் தட்டையான ஓடு) மாற்றுவதென்றால் ஐப்பசி அடைமழைக்கு முன் முடிய வேண்டும். சம்பா நடவு தொடங்கிவிட்டால் சித்தாள் கிடைப்பது கஷ்டம். அதனால் சித்திரையிலேயே மேஸ்திரியிடம் பேசி, நாள்கூலியை விட்டு மொத்தக் கூலிக்கு மாறினேன். சிமெண்ட், ஓடு என் செலவு. பொருளை நானே வாங்குவதால், மேஸ்திரி கைக்குப் போகும் அட்வான்ஸ் வேறு சைட்டுக்குப் போகாது.

மொத்தக் கூலியில் அட்வான்ஸ் 10 சதவீதம். பழைய ஓட்டைப் பெயர்த்துக் குப்பையை இறக்கியதும் 20. ஓடு பதித்ததும் 40. ஆனால் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, 10 அடிக்கு 1 அங்குலமாவது வாட்டம் (சரிவு) இருந்தால்தான். இதை விட்டால் தண்ணீர் தேங்கி, சீலிங்கில் ஓதம் இறங்கும். இடுக்கு அடைத்து, 7 நாள் நனைத்து, பைப் வாயை மூடி 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்தபின் 20. மீதி 10 முதல் பெருமழைக்குப் பிறகு. ஒவ்வொரு தொகைக்கும் நோட்டில் தேதியோடு கையெழுத்து.