ஊர் கேனிங் ஆலையின் வரலாற்றைத் தொகுக்க: முதலில் பழைய டின்னைப் படியுங்கள்

பழக்கூழை டின்னில் அடைக்கும் கேனிங் ஆலையின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலாளி வீட்டுக்குத்தான் முதலில் போகிறார்கள். அங்கே கிடைக்கும் ஆண்டுகளில் பாதி தவறாக இருக்கும். பங்குதாரர்களாகச் சேர்ந்து தொழில் தொடங்கிய ஆண்டு, கம்பெனியாகப் பதிந்த ஆண்டு, புதுக் கட்டடத்துக்கு மாறிய ஆண்டு எல்லாம் நினைவில் ஒன்றாகிப் போயிருக்கும். அதனால் டின், காகிதம், மனிதர் என்ற வரிசையில் போங்கள். கிருஷ்ணகிரி வட்டார மாம்பழக்கூழ் ஆலைகளை வைத்து இங்கே விளக்குகிறோம். மற்ற ஊர்களுக்கும் முறை இதுதான்.

டின்

முதலில் அளவெடுங்கள். மூடியின் விளிம்போடு சேர்த்து விட்டம் சுமார் 157 மி.மீ., உயரம் 178 மி.மீ. இருந்தால் அது ஏ-10 டின், ஏறக்குறைய 3.1 கிலோ கூழ் பிடிக்கும். 103 மி.மீ. விட்டமும் 119 மி.மீ. உயரமும் இருந்தால் ஏ-இரண்டரை, 850 கிராம். ஏ-10 ஹோட்டல்களுக்கும் பானம் தயாரிப்பவர்களுக்கும் போனது. சின்ன டின்கள் நிறைய கிடைத்தால், அந்த ஆலை கடை விற்பனையிலும் இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து பக்கவாட்டு இணைப்பைப் பாருங்கள். தகடு மடிந்து, அதன்மேல் ஈயப்பற்று தடிப்பாக ஓடினால் பழைய முறை. மெல்லிய கருங்கோடாகத் தெரிந்தால் மின்பற்றவைப்பு, அது பிந்தையது. மூடியில் அழுத்திய குறியீட்டு எழுத்துகள் துருவில் மங்கியிருந்தால் தேய்க்காதீர்கள். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்தால் எழுத்து எழுந்து தெரியும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசியும் எடுக்கலாம்.

கூழ் உள்ள டின் கிடைத்தால் எச்சரிக்கை. மாம்பழக்கூழின் புளிப்பு, வெள்ளீயப் பூச்சையும் அதன் அடியிலுள்ள இரும்பையும் அரிக்கும். அதில் எழும் ஹைட்ரஜனால் டின் உப்பும். கிருமியாலும் உப்பலாம்; வெளியிலிருந்து பார்த்து எதனால் என்று சொல்ல முடியாது. உப்பிய டின்னை வீட்டில் திறக்க வேண்டாம், படமெடுத்து அப்புறப்படுத்துங்கள். உப்பாத பழக்கூழ் டின்னாக இருந்தால் அடிப்பக்கம் இரண்டு துளையிட்டு வடித்து, கழுவி, நன்றாக உலர்த்தி வையுங்கள். அப்படியே வைத்தால் ஒருநாள் கசிந்து லேபிளையும் கெடுத்துவிடும். பட்டாணி, இறைச்சி, மீன் டின்களை இப்படித் துளையிடக் கூடாது. புளிப்புக் குறைந்த அந்த உணவுகளில் உயிருக்கே ஆபத்தான போட்டுலிசம் என்ற கிருமி நஞ்சு உருவாகலாம்.

லேபிள்

காலம் கணிக்க இதைவிட நல்ல சான்று இல்லை. முகவரியில் சேலம் ஜில்லா என்றிருந்தால், அந்த வாசகம் 2-10-1965க்கு முன் எழுதப்பட்டது. அன்றுதான் தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் என்றிருந்தால் 9-2-2004க்குப் பின். மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 14-1-1969இல். பின்கோடு இருந்தால் 15-8-1972க்குப் பின்தான். விலை நயா பைசாவில் இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். எஃப்.பி.ஓ. முத்திரைக்கு அடிப்படை 1955இன் பழப்பொருள் ஆணை (Fruit Products Order), அதனால் அது இருந்தால் லேபிள் 1955க்கு முந்தையதல்ல. சைவத்தைக் காட்டும் பச்சைப் புள்ளி 2001இல் வந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 14 இலக்க உரிம எண் இருந்தால் 2011இலோ அதற்குப் பிறகோ அச்சானது.

தமிழ் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆலை, விலை, சென்னை போன்ற சொற்களில் லையும் னையும் பழைய வளைந்த வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சாக இருக்கலாம். ஆனால் இது பலவீனமான சான்று. பழைய அச்செழுத்துகளை வைத்திருந்த அச்சகங்கள் உடனே மாறிவிடவில்லை.

ஒரு லேபிளில் பல அடையாளங்கள் இருந்தால், எது மிகப் பிந்தியதோ அதுவே காலத்தை முடிவு செய்யும். பச்சைப் புள்ளியோடு தர்மபுரி மாவட்டம் என்ற முகவரியும் இருந்தால், லேபிள் 2001க்கு முன் அச்சாகியிருக்க முடியாது. 2004க்கு முன்தானா என்பது உறுதியில்லை, ஏனென்றால் பழைய முகவரியையே பல ஆண்டுகள் அச்சிட்டவர்கள் உண்டு. அச்சாகி மிஞ்சிய லேபிளை அடுத்த சீசனிலும் ஒட்டியிருப்பார்கள் என்பதால், லேபிளின் வயதும் டின்னின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

காகிதம்

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடி 21 எழுத்து அடையாள எண்ணை எடுங்கள். முதல் எழுத்து பங்குச்சந்தைப் பட்டியலில் உள்ளதா இல்லையா என்று சொல்லும். அடுத்த 5 இலக்கம் தொழில், 2 எழுத்து மாநிலம், 4 இலக்கம் பதிவான ஆண்டு, 3 எழுத்து வகை, கடைசி 6 இலக்கம் பதிவு எண். கோயம்புத்தூர் பதிவாளரின் கீழ் வருபவற்றில் மாநில எழுத்து டி.என். என்று இராமல் டி.இசட். என்று இருக்கும், தேடும்போது இது பலரைக் குழப்புகிறது.

அந்த ஆண்டைத் தொடக்க ஆண்டாக எழுதிவிடாதீர்கள். அதற்கு முன் கூட்டு வணிகமாக இயங்கியிருந்தால், பதிவுத்துறையில் உள்ள கூட்டு நிறுவனங்களின் பதிவேட்டில் தேட வேண்டும். தொழிற்சாலை உரிமம், பாய்லர் சான்றிதழ், கொள்முதல் பேரேடு ஆகியவற்றையும் கேளுங்கள். பாய்லரின் பதிவு எண் கைமாறினாலும் மாறாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பாய்லரின் ஆண்டைப் பார்த்து, ஆலையே அவ்வளவு பழையது என்று எழுதிவிடும் தவறு எளிதில் நேரும். பேரேட்டில் பெங்களூரா, கிளிமூக்கு என்றும் ஏற்றுமதித் தாளில் தோத்தாபுரி என்றும் இருப்பது ஒரே ரகம்தான். தனித்தனியாகக் கூட்டினால் கொள்முதல் கணக்கு பிசகும்.

மனிதர்

முதலாளிக்கு முன் பாய்லர் ஆபரேட்டரையும், டின்னுக்கு மூடியை மடித்து மூடும் சீமிங் மெஷினில் நின்றவரையும், பழம் அறுத்த பெண்களையும் பாருங்கள். எந்த ஆண்டு என்று கேட்டால் பதில் வராது. டின்னைக் கையில் கொடுத்து, “இது ஓடுறப்ப கொட்டை எடுக்குற மெஷின் வந்துடுச்சாக்கா, கத்தியாலதான் அறுத்தீங்களா?”, “பழத்தை வைக்கோல்லயா பழுக்கப் போட்டீங்க?”, “அன்னைக்குக் கூலி என்ன?” என்று கேளுங்கள். கூலித் தொகையைச் சம்பளப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் ஆண்டு கிடைத்துவிடும். பேசும்போதே குறுக்கே திருத்தாதீர்கள், முழுவதையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் யார் சொன்னது என்ற குறிப்போடு பதியுங்கள். பெயரை வெளியிட அவர்களுடைய ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.